சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும்: வாசகர் கேள்வி – பதில்

பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆய்வு, உலக நாடுகளின் வளர்ச்சித் திட்டங்களை எப்படி மாற்றுகிறது என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி சந்தேகம், பாதி கோபம். இரண்டுமே நியாயமானவைதான் என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

பேராசிரியர் எழுதும் ஆய்வுக் கட்டுரையை இன்னொரு பேராசிரியர்தான் படிக்கிறார். அதனால் ஏழை வீட்டுக் குழந்தைக்கு என்ன கிடைத்தது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு உயிர் கிடைத்தது, ஐயா. வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர், நம் சிறுகுடல் உப்பில் உள்ள சோடியத்தையும் சர்க்கரை வகையான குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கிறது என்று ஒரு மாநாட்டில் சொன்னார். அவர் காலராவுக்கு மருந்து தேடிக்கொண்டிருக்கவில்லை, குடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கண்டுபிடிப்புக்குள் பெரிய விஷயம் ஒன்று ஒளிந்திருந்தது. காலரா வந்தவரின் குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தாலும் இந்த ஜோடி இழுக்கும் வேலை மட்டும் கெடுவதில்லை, அதனால் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்து குடிக்கக் கொடுத்தால் கூடவே தண்ணீரும் உடம்புக்குள் போய்விடும். 1968-இல் டாக்காவின் காலரா ஆராய்ச்சிக்கூடத்தில் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் நோயாளிகளிடம் இதை நிரூபித்தார்கள்.

நிரூபித்த பிறகும் பெரிய மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. நரம்பில் ஊசி குத்தி திரவம் ஏற்றுவதுதான் வைத்தியம், வாயில் ஊற்றுவது பாட்டி வைத்தியம் என்று நினைத்தார்கள். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் எல்லையில் அகதி முகாமில் காலரா பரவியது. கொல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் வேலை பார்த்த திலீப் மஹலநாபிஸ் அங்கே போனபோது ஏற்றுவதற்கு திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் உப்பையும் குளுக்கோஸையும் பொட்டலமாகக் கட்டச் சொல்லி, பெரிய பீப்பாய்களில் கரைத்து, நோயாளியின் உறவினர்களிடமே குவளையைக் கொடுத்து ஊற்றச் சொன்னார். அதுவரை சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. பொட்டலம் கிடைக்காத கிராமத்தில் என்ன செய்வது? வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980-லிருந்து பத்து ஆண்டுகள் வீடு வீடாகப் போய், மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை லிட்டர் அளவு தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகள். கற்றுக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம், எத்தனை வீடு ஏறினாள் என்பதற்கு இல்லை. பிறகு வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கூலி. அப்படியும் முதலில் தாய்மார்கள் கரைசலைச் செய்யக் கற்றார்களே தவிர, குழந்தைக்கு வயிறு போனபோது பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று தேடிப் பார்த்தால், கற்றுக்கொடுத்த ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. அப்புறம் ஊழியர்களுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கி, வீட்டு ஆண்களிடமும் பேசி, மெல்ல மெல்லப் பழக்கமாக்கினார்கள். கிரேனின் கட்டுரையிலிருந்து அந்தச் சிட்டிகை உப்பு வரை ஏறத்தாழ இருபது வருடம், நடுவில் எத்தனையோ பேர். அதில் ஒருவர் இல்லையென்றாலும் கட்டுரை நூலகத்திலேயே இருந்திருக்கும்.

அரசாங்கம் உண்மையிலேயே ஆய்வைப் பார்த்து முடிவெடுக்கிறதா, இல்லை முடிவை எடுத்துவிட்டு அதற்குத் தோதான ஆய்வைத் தேடுகிறதா?
— பொருளியல் முதுகலை மாணவி

இரண்டும் நடக்கிறது, இரண்டாவது கொஞ்சம் அதிகமாகவே நடக்கிறது. ஆனாலும் ஆய்வு ஒரு திட்டத்தைக் காப்பாற்றிய கதை ஒன்று சொல்கிறேன். மெக்சிகோவில் 1997-இல் புரோகிரெசா என்ற திட்டம் தொடங்கியது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மருத்துவப் பரிசோதனைக்கும் தவறாமல் அழைத்துப் போனால் தாயின் கையில் பணம். அதை வடிவமைத்த சாந்தியாகோ லெவி பொருளாதாரப் பேராசிரியராக இருந்து அரசுக்குள் வந்தவர். ஆட்சி மாறினால் முந்தைய ஆட்சியின் திட்டங்களைத் தூக்கிப் போடுவது அங்கே வழக்கம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஆரம்பத்திலேயே 506 கிராமங்களை எடுத்து, 320 கிராமங்களுக்கு முதலிலும் 186 கிராமங்களுக்குச் சற்றுத் தாமதமாகவும் திட்டத்தைக் கொடுத்து, வெளி ஆய்வாளர்களை அழைத்து அளக்கச் சொன்னார். பள்ளி வருகையும் குழந்தைகளின் உடல்நிலையும் மேம்பட்டது எண்ணிக்கையோடு தெரிந்தது. 2000-இல், எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட கட்சி தோற்று வேறு கட்சி வந்தது. புதிய அரசு திட்டத்தின் பெயரை மாற்றியது, திட்டத்தை மட்டும் விடவில்லை, இன்னும் பெரிதாக்கியது. பிறகு உலகம் முழுக்க ஏராளமான நாடுகள் அந்த மாதிரியை எடுத்துக்கொண்டன. 2019-இல் இன்னொரு அரசு வந்து அதை முடித்துவைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆதாரம் இருந்துவிட்டால் போதும், அரசியல் ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடாதீர்கள்.

கரோல் வைஸ் என்ற சமூகவியலாளர் 1970-களில் அமெரிக்க அதிகாரிகளிடம், உங்கள் முடிவுகளில் ஆய்வு எப்படிப் பயன்படுகிறது என்று பேசிப் பார்த்தவர். இந்த முடிவுக்கு இந்த ஆய்வுதான் காரணம் என்று சொல்ல அவர்களில் பலருக்கு முடியவில்லை. ஆனால் ஆய்விலிருந்து வந்த கருத்துகள் அவர்கள் பேச்சில் இருந்தன, எங்கே கேட்டோம் என்பதுதான் மறந்துபோயிருந்தது. ஆய்வு பெரும்பாலும் மண்ணில் நீர் இறங்குவதுபோலத்தான் இறங்குகிறது. நீங்கள் படிக்கும் துறையில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், தேடிப் படியுங்கள்.

ஒரு கருத்து மட்டுமே, ஒரு மருந்தோ கருவியோ இல்லாமல், உலகத்தைத் திருப்பியதுண்டா?
— நூலகர் ஒருவர்

உண்டு. நாட்டின் வளர்ச்சி என்றால் மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், மனிதர்கள் என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்பதல்லவா வளர்ச்சி என்று அமர்த்தியா சென் பல ஆண்டுகள் வாதாடினார். அவரோடு கேம்பிரிட்ஜில் படித்த மஹபூப் உல் ஹக், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துக்காக 1990-இல் முதல் மனித வளர்ச்சி அறிக்கையைக் கொண்டுவந்தார். வாழ்க்கையை ஒரே எண்ணில் அடைப்பதில் சென்னுக்கு விருப்பமில்லை. ஒரு எண்ணைத் தோற்கடிக்க இன்னொரு எண்தான் வேண்டும் என்றார் ஹக். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்த மனித வளர்ச்சிக் குறியீடு அப்படித்தான் பிறந்தது. ஒவ்வொரு ஆண்டும் அந்தப் பட்டியல் வரும்போது, என் நாடு ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது என்று கேட்க யாருக்கும் முடிகிறது.

நல்லது என்று தெரிந்த ஒன்று எல்லா மருத்துவமனைக்கும் வர ஏன் இத்தனை காலம்?
— குறைமாதக் குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் செவிலியர்

உங்கள் பிரிவிலிருந்தே பதில் சொல்கிறேன், சகோதரி. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைத்து, தொற்று பரவிக்கொண்டிருந்தது. எட்கர் ரே என்ற மருத்துவரும் பிறகு ஹெக்டர் மார்ட்டினெஸும் குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகச் சேர்த்துக் கட்டினார்கள். இன்று நீங்கள் கங்காரு பராமரிப்பு என்று செய்வது அதுதான். ஆனால் குழந்தையின் நிலை சீரான பிறகுதான் தொடங்கலாம் என்று நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன ஆகும் என்று கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் பார்த்தார்கள். 2021-இல் வெளிவந்த அந்த முடிவுப்படி முதல் 28 நாள் இறப்பு 25 சதவீதம் குறைந்திருந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதலை மாற்றியது. ஆக 44 வருடம். இதில் ஆய்வுக்குப் போன காலம் ஒரு பகுதிதான். தாயை அந்தப் பிரிவுக்குள்ளேயே படுக்கவைக்க இடம் வேண்டும், கட்டில் வேண்டும், தாயைப் பார்வையாளராக நினைக்கும் பழக்கம் போக வேண்டும். இதெல்லாம் கட்டுரையால் நடக்காது, உங்களைப் போன்றவர்கள் வார்டில் தினமும் கேட்டுக்கொண்டே இருப்பதால்தான் நடக்கும்.

குலுக்கல் போட்டு சில கிராமங்களுக்கு உதவி, சில கிராமங்களுக்கு இல்லை என்று ஆய்வு செய்கிறார்களே, மனிதர்கள் என்ன சோதனைக்கூட எலிகளா?
— சட்டக் கல்லூரி மாணவர்

இந்தக் கோபம் எனக்கும் இருந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. 2003-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் தொடங்கிய மையம் இந்த முறையைப் பரப்பியது. பானர்ஜி, டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் தரப்பு வாதம் இது: எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இல்லாதபோது யாருக்கு முதலில் என்று யாரோ ஒருவர் முடிவு செய்யத்தான் போகிறார், அது செல்வாக்குள்ளவரின் ஊராக இருப்பதைவிடக் குலுக்கல் மேல். எல்லோருக்கும் கொடுக்க முடிந்தும் ஆய்வுக்காக நிறுத்திவைத்தால் அது அநியாயம். இந்த இடத்தில்தான் நான் கோடு போடுவேன்.

குலுக்கல் எதற்குப் பயன்பட்டது என்றும் பாருங்கள். கொசுவலையை இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், மீன்வலையாக்கிவிடுவார்கள், கொஞ்சமாவது காசு வாங்கினால்தான் பயன்படுத்துவார்கள் என்று நிபுணர்கள் ஆணித்தரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டுபா இருவரும் மேற்குக் கென்யாவில் கர்ப்பிணிகள் வரும் மருத்துவ நிலையங்களில் வலையின் விலையைக் குலுக்கல் போட்டு மாற்றிப் பார்த்தார்கள். இலவசம் என்பதிலிருந்து 60 சென்ட் என்று ஆக்கியதுமே வாங்கியவர்கள் 60 சதவீதப் புள்ளி குறைந்துபோனார்கள். காசு கொடுத்தவர்கள் கூடுதலாகப் பயன்படுத்தவும் இல்லை. கடன் கொடுத்தால் ஏழ்மை போய்விடும் என்ற இன்னொரு நம்பிக்கையும் இப்படித்தான் தரைக்கு வந்தது. போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என்று ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015-இல் ஒன்றாக வந்தன. சிறுகடன் சிலருக்குத் தொழிலைப் பெருக்க உதவியது, ஆனால் வாழ்க்கையையே மாற்றும் அளவுக்குச் சராசரி வருமானம் எங்கும் ஏறவில்லை. சரி, இந்த ஆய்வுகள் இல்லையென்றால் ஏழைகள் மேல் இன்னும் எத்தனை கோடிக் கடனை ஏற்றியிருப்போம்?

ஆய்வே தப்பாக இருந்துவிட்டால்?
— கணக்காளர் ஒருவர்

இருந்திருக்கிறது. ஒரு நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சட்டென்று விழுந்துவிடும் என்று பொருளாதாரப் பேராசிரியர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-இல் எழுதினார்கள். அரசு செலவை வெட்ட வேண்டும் என்று சொன்ன தலைவர்கள் பலர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் படித்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. அவர்களிடமே கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், எக்செலில் சராசரி எடுத்த கட்டங்களில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன, தரவைத் தேர்ந்தெடுத்த விதத்திலும் சிக்கல். அந்த அளவு கடன்பட்ட நாடுகளுக்கு மைனஸ் 0.1 சதவீதம் என்று சொன்ன சராசரி வளர்ச்சி, திருத்திப் போட்டபோது 2.2 சதவீதம் ஆனது. நீங்கள் கணக்காளர், உங்களுக்கு இதன் வலி புரியும்.

ஆனால் ஒன்று கவனியுங்கள், கோப்பைக் கொடுத்தார்கள். கென்யாவின் புசியா பகுதியில் 75 பள்ளிகளில் குடற்புழு மாத்திரை கொடுத்து, பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பது நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்று எட்வர்ட் மிகெலும் கிரெமரும் 2004-இல் எழுதினார்கள். பல நாடுகள் மாத்திரை கொடுக்கும் திட்டம் தொடங்க அதுவும் ஒரு காரணம். 2015-இல் லண்டன் ஆய்வாளர்கள் அந்தத் தரவை மறுபடி அலசி, சில முடிவுகள் அவ்வளவு உறுதியில்லை என்றார்கள், பெரிய சண்டையே நடந்தது. அந்தத் தரவை எடுத்துக் கொடுத்தவர்கள் மிகெலும் கிரெமரும்தான். தரவைக் காட்ட மறுக்கும் ஆய்வை வைத்து யாராவது கொள்கை பேசினால், அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

நல்லெண்ணத்தோடு செய்த திட்டமே தீங்காக முடிந்ததுண்டா? அதைப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்ததுண்டா?
— நிலத்தடி நீர்த்துறைப் பொறியாளர்

நீங்கள் எதை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. வங்கத்தில் குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறந்ததால், 1970-களிலிருந்து யுனிசெஃப் உதவியோடு லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போட்டார்கள். கிருமி இல்லாத தண்ணீர், எல்லோருக்கும் மகிழ்ச்சி. மண்ணிலேயே இருக்கும் நஞ்சான ஆர்செனிக் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை, அப்போதைய வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனையில் அது இல்லவே இல்லை. 1983-இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே.சி. சாகாவிடம் உள்ளங்கை தடித்து, தோலில் கரும்புள்ளிகளோடு நோயாளிகள் வந்தார்கள். அவர் இது ஆர்செனிக் விஷம் என்று அடையாளம் கண்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் திபங்கர் சக்ரவர்த்தி 1988-லிருந்து கிராமம் கிராமமாகப் போய்த் தண்ணீரையும் முடியையும் நகத்தையும் சேகரித்து அளந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் வங்கதேசத்திலும் இதே மண், இதே ஆற்று வண்டல், அங்கேயும் இருக்கும் என்று எச்சரித்துக்கொண்டே இருந்தார். கேட்கப் பல வருடம் ஆனது. 2000-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் ஸ்மித்தும் அவரோடு எழுதியவர்களும் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில், வரலாற்றில் ஒரு மக்கள் கூட்டத்துக்கே நேர்ந்த மிகப்பெரிய விஷப் பாதிப்பு இது என்று எழுதினார்கள். வங்கதேசத்தின் 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடிப் பேர் வரை ஆபத்தில் இருந்தார்கள்.

தீர்வுக்கும் பல்கலைக்கழகம் ஒன்று உதவியது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு வங்கதேசத்தின் அரைஹஜார் பகுதியில் ஆயிரக்கணக்கான கிணறுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தது. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளே ஒன்று விஷமாகவும் ஒன்று நல்லதாகவும் இருந்தன, ஆழமும் மண் அடுக்கும் மாறுவதால். இதில் ஒரு நல்ல செய்தி இருந்தது, பெரும்பாலான வீடுகளுக்கு 100 மீட்டருக்குள் நல்ல கிணறு ஒன்று இருந்தது. விஷமுள்ள குழாய்க்குச் சிவப்புச் சாயம், நல்லதற்குப் பச்சை. நாடு முழுக்க ஐம்பது லட்சத்துக்கு அருகில் கிணறுகளைச் சோதித்துச் சாயம் பூசினார்கள். அடுத்த வீட்டுக் குழாயில் தண்ணீர் எடுக்கப் பெண்கள் கேட்டுப் போக வேண்டும், அந்தக் கூச்சம் எவ்வளவு பெரிது என்று சாயம் பூசியவருக்குத் தெரியாமல் போனதும் உண்டு. பிறகு புதிதாகப் போட்ட கிணறுகளை யார் சோதித்தார்கள்? பல ஊர்களில் யாரும் இல்லை. சாயம் உதிர்ந்துவிட்டது, ஆர்செனிக் அப்படியே இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

சிறிய அளவில் அருமையாக நடந்த திட்டம் பெரிதாக்கியதும் ஏன் படுத்துவிடுகிறது?
— தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பாளர்

வடக்கு வங்கதேசத்தின் ரங்பூரில் அறுவடைக்கு முன் சில வாரங்கள் வேலையே இருக்காது, பட்டினிதான். 2008-இல் முஷ்ஃபிக் மொபாரக்கும் உடன் ஆய்வு செய்தவர்களும், வேலை தேடி நகரத்துக்குப் போக வழிச்செலவாகச் சுமார் எட்டரை டாலர் கொடுத்தார்கள். கொடுத்த குடும்பங்களில் 22 சதவீதம் பேர் அதனாலேயே ஒருவரை அனுப்பினார்கள், வீட்டில் சாப்பாடு கூடியது, மறு வருடம் காசு கொடுக்காமலேயே பலர் திரும்பப் போனார்கள். பல்லாயிரம் குடும்பங்களுக்கு விரித்து 2017-இல் அளந்தபோது அந்தப் பலன் காணவில்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது, களப்பணியாளர் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் விரிவாக்கத்தில் மாறிப்போயிருந்தன. நடத்திய அமைப்பு 2019-இல் திட்டத்தை மூடியது, முடிவையும் மறைக்காமல் வெளியிட்டது. அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நன்கொடையாளருக்கு அறிக்கை எழுதிப் பழகியவர் நீங்கள்.

கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களை வைத்துச் செய்த பரிசோதனையில், தொண்டு நிறுவனம் திட்டத்தை நடத்திய பள்ளிகளில் பிள்ளைகள் முன்னேறினார்கள், அதே திட்டத்தை அரசே நடத்திய பள்ளிகளில் முன்னேற்றம் இல்லை. சம்பளம் தாமதம், கண்காணிப்பு இல்லை, ஆசிரியர் சங்கத்தின் எதிர்ப்பு வேறு. அதனால் பெரிதாக்கும்போது யார் நடத்தப்போகிறார்களோ அவர்களை வைத்தே முதல் பரிசோதனையையும் செய்துவிடுங்கள்.

மானிடவியல் படிக்கிறேன். வீட்டில், இதனால் யாருக்கு என்ன பயன் என்கிறார்கள். என்ன சொல்ல?
— இளங்கலை மாணவி

எபோலாவைச் சொல்லம்மா. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் பரவி 11,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற நோய் அது. இறந்தவரின் உடலைத் தொட்டுக் குளிப்பாட்டுவதால் பரவுகிறது என்று தெரிந்ததும், கவச உடை போட்டவர்கள் வந்து உடலைப் பையில் போட்டுத் தூக்கிப்போய் எங்கோ புதைத்தார்கள். மருத்துவக் கணக்கில் சரி. ஆனால் முறைப்படி அனுப்பாத உயிர் அமைதியடையாது என்று நம்பும் குடும்பம் என்ன செய்யும்? நோயாளியை ஒளித்துவைத்தது, இரவில் ரகசியமாகப் புதைத்தது. கினியின் ஒரு கிராமத்தில் விழிப்புணர்வுக் குழுவினர் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள்.

அப்போது லண்டன், சசெக்ஸ், எக்செட்டர் பல்கலைக்கழகங்களோடு சியரா லியோனின் நிஜாலா பல்கலைக்கழகமும் சேர்ந்து மானிடவியலாளர்கள் குழு ஒன்றை உருவாக்கியது. எந்தச் சடங்கில் எந்தப் பகுதி ஆபத்து, எதை மாற்றினால் குடும்பம் ஏற்கும் என்று சொன்னார்கள். கினியில் ஒரு கர்ப்பிணி இறந்தபோது, வயிற்றில் குழந்தையோடு புதைப்பது ஊர் முறைப்படி பெரிய பாவம், வெளியே எடுப்பதோ மருத்துவக் குழுவுக்கு உயிராபத்து. ஒரு மானிடவியலாளர் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசி, பரிகாரச் சடங்கு ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைச் செய்வித்து, உடலைத் திறக்காமலேயே அடக்கம் நடக்க வழி செய்தார். 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அடக்க நெறிமுறையின் பெயரிலேயே ‘பாதுகாப்பான’ என்பதோடு ‘கண்ணியமான’ என்ற சொல்லும் வந்தது. வீட்டில் இதைச் சொல்லிப் பாரம்மா.

எங்கிருந்தோ வருகிறார்கள், இரண்டு மணி நேரம் கேள்வி கேட்கிறார்கள், போய்விடுகிறார்கள். முடிவு என்ன என்று எங்களுக்குத் தெரிவதே இல்லை. இது என்ன நியாயம்?
— கள ஆய்வில் தகவல் சேகரிக்கும் பணியாளர்

நியாயமே இல்லை. நானும் சில காலம் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன்தான். ஒரு பாட்டி, போன வருஷமும் இதையே கேட்டாயே, என்ன பண்ணினாய் என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்த ஆய்வின் முடிவு அச்சானபோது அதைப் படிக்கப் பணம் கட்ட வேண்டியிருந்தது.

தெற்கு ஆப்பிரிக்காவின் சான் என்ற பழங்குடி மக்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். அவர்கள் மரபணுவை வைத்து 2010-இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது, தங்கள் தலைவர்களிடம் கேட்கவில்லை, எழுதிய விதமும் தங்களைப் புண்படுத்தியது என்றார்கள். 2017-இல் ஆய்வாளர்களுக்குத் தாங்களே ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்ற நான்கின் மேல் நிற்கும் எளிய ஆவணம் அது. எங்கள் மண்ணில் ஆய்வு செய்ய வேண்டுமானால் முன்கூட்டி எங்கள் சபைக்கு வா, முடிவைத் திரும்பக் கொண்டுவந்து சொல், பலனில் பங்கு கொடு என்கிறது.

ஆய்வுக்கூடத்தில் பிறந்ததாக நாம் நினைக்கும் அறிவு பல நேரம் மக்களிடமிருந்துதான் எடுக்கப்பட்டது. இரண்டு வாரம்வரை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும் நெல்லை 2009-இல் இந்தியாவில் வெளியிட்டார்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பமேலா ரொனால்டு குழுவும், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் டேவிட் மேக்கில் குழுவும் சேர்ந்து 2006-இல் அடையாளம் கண்ட மரபணு அதற்குள் இருக்கிறது. அந்த மரபணு வந்தது ஒடிசா விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த நாட்டு நெல்லிலிருந்து. அதிகம் மூழ்கும் பள்ளமான நிலங்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகத்தினரிடம் இருப்பதால் அவர்களுக்கே பலன் அதிகம் என்று பிறகு வந்த ஆய்வு காட்டியது. இது மனதுக்கு நிறைவுதான், ஆனால் விதையைக் காத்தவர்களின் பெயர் எந்தக் கட்டுரையிலும் ஆசிரியர் வரிசையில் இல்லை.

ஆய்வின் சமூகப் பயனை மதிப்பெண் போட்டு அளக்க முடியுமா?
— உதவிப் பேராசிரியர்

பிரிட்டன் போடுகிறது. பல்கலைக்கழக ஆய்வை மதிப்பிடும்போது வெளியுலகில் என்ன மாற்றம் வந்தது என்பதற்கு 2014-இல் 20 சதவீதமும் 2021-இல் 25 சதவீதமும் மதிப்பு கொடுத்தார்கள். பேராசிரியர்கள் வெளியே பார்க்கத் தொடங்கியது நல்லதுதான். ஆனால் குடல் எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் பார்த்த ராபர்ட் கிரேனுக்கு 1960-இல் இந்தக் கணக்கில் எத்தனை மதிப்பெண் கிடைத்திருக்கும்? அதுவும் போக, அதே 2021-இல் பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியை தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக வெட்டியபோது, ஏழை நாடுகளோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்த ஆய்வுகள் பல பாதியில் பணமிழந்தன. வாக்குக் கொடுத்துவிட்டுப் பாதியில் போவதால் அந்த ஊரில் போகும் நம்பிக்கையை எந்த மதிப்பெண்ணில் கழிப்பார்கள் என்று நீங்கள் உங்கள் குழுவில் கேட்க வேண்டும்.

என் முனைவர் பட்ட ஆய்வு பள்ளிகளில் கழிப்பறைப் பராமரிப்பு பற்றியது. அது அலமாரியில் தூங்காமல் இருக்க நான் என்ன செய்யலாம்?
— ஆய்வு மாணவி

முதலில் அமைச்சரைத் தேடிப் போகாதீர்கள், பராமரிப்புக்கான நிதிக் கோப்பை எழுதும் இடைநிலை அதிகாரி யார் என்று கண்டுபிடியுங்கள். அவரிடம் போய், உங்கள் முடிவைச் சொல்வதற்கு முன், இதில் உங்களுக்கு எது தெரியாமல் தவிக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் உங்கள் ஆய்வின் ஒரு அத்தியாயத்தையே மாற்றலாம், மாற்றட்டும். நிதி ஒதுக்கீடு எந்த மாதத்தில் முடிவாகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு வாரம் கழித்து வரும் அருமையான ஆய்வு அந்த வருடத்துக்குப் பயன்படாது.

அப்புறம் இரண்டே பக்கம், மக்கள் பேசும் மொழியில். என்ன செய்ய வேண்டும், ஒரு பள்ளிக்கு எவ்வளவு செலவு, யார் செய்வது. புள்ளியியல் அட்டவணை எல்லாம் பின்னால் இருக்கட்டும், கேட்டால் கொடுங்கள். துப்புரவுப் பணியாளர்களிடம் பேசியிருக்கிறீர்களா? கடிதத்தில் தலைமையாசிரியர்கள், மாணவிகள் என்று இருக்கிறதே தவிர அவர்கள் இல்லை. பூட்டிக் கிடக்கும் கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி எப்போது காலியாகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். போய்ப் பேசிவிட்டு, அந்தப் பள்ளிகளுக்கே திரும்பிப் போய் மாணவிகள் முன் முடிவைப் படித்துக் காட்டுங்கள். தப்பாக எழுதியிருந்தால் அவர்களே அங்கேயே சொல்லிவிடுவார்கள். இரண்டு பக்கம் தயாரானதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறேன்.